மாவ்ரோமாட்டியில் ஓர் இரவு தங்க வையுங்கள்

கிரேக்கத்துக்குக் குழுப் பயணம் நடத்தும் சுற்றுலா முகவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பயணத் திட்டங்களில் ஏதென்ஸும் சாண்டோரினியும் தப்பாமல் இருக்கின்றன. தெற்கே பெலோபொனீஸ் தீபகற்பத்தின் பக்கம் வண்டி திரும்பினால் ஒலிம்பியா, மைசீனி. கலமாட்டாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், இதோமி மலைச்சரிவில் இருக்கும் சிற்றூரான மாவ்ரோமாட்டியையும் உங்களில் சிலர் சேர்க்கிறீர்கள். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும். என் குறை அதுதான்.

ஊருக்குக் கீழே விரிந்து கிடப்பது பண்டைய மெசீனி. தலைமுறை தலைமுறையாக ஸ்பார்ட்டாவுக்கு அடிமைப்பட்டிருந்த மக்களுக்காக, தீப்ஸ் என்ற கிரேக்க நகரத்தின் தளபதி எபமினோண்டாஸ் கி.மு. 369இல் நிறுவிய நகரம். லியூக்ட்ரா போரில் தீப்ஸிடம் ஸ்பார்ட்டா தோற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. குழலிசை முழங்க மதில் எழும்பியதாகப் பண்டைய பயணி பௌசானியஸ் எழுதியிருக்கிறார். சுமார் 9 கிலோமீட்டர் நீள மதில் அது! அதன் ஆர்க்காடிய வாயில் வழியாக இன்றும் ஊர்ச்சாலை போகிறது.

இதையெல்லாம் உங்கள் வழிகாட்டி சொல்லிவிடுகிறார். விளையாட்டரங்கம், மருத்துவக் கடவுள் அஸ்கிளிபியஸின் கோயில், நாடக அரங்கு என்று ஓட்டமாக ஓடி, படம் எடுத்து முடிப்பதற்குள் "பஸ்ஸில் ஏறுங்கள்" என்று குரல் வந்துவிடுகிறது. நான் வந்த பயணத்திலும் அப்படித்தான்.

ஊருக்குள் இருக்கும் கிளெப்சிட்ரா ஊற்றில் யாரும் நிற்பதில்லை. கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஸியூஸைக் குழந்தையாக இருந்தபோது வனதேவதைகள் நீராட்டிய இடம் என்பது இவ்வூர்க் கதை. பௌசானியஸ் காலத்தில் தினமும் இங்கிருந்து தண்ணீர் முகந்து, மலைமேல் இருந்த ஸியூஸ் கோயிலுக்குச் சுமந்து போனார்கள். கீழே நகரத்தில் இருந்த அர்சினோயி நீர்மாடத்துக்குப் பாய்ந்ததும் இந்த ஊற்றுநீர்தான். நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த இடத்தை நீங்கள் வண்டி நிறுத்துமிடமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அகழாய்வாளர் பெட்ரோஸ் தெமெலிஸ் 1980களின் பிற்பகுதியிலிருந்து 2023இல் மறையும் வரை இந்த நகரத்தைத் தோண்டினார். விழுந்த தூண்களை மீண்டும் நிறுத்தினார். அவர் தந்த ஆண்டுகளுக்கு நாம் ஓர் இரவாவது தரலாமே.

தங்கும் அறைகள் குறைவுதான். 45 பேரோடு போகாமல் 15 பேரோடு போங்கள். ஊர் உணவகத்தில் சாப்பிட வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் கண்ணுக்குள் வரும். மறுநாள் காலை வெயிலுக்கு முன், ஊற்றடியில் தொடங்கி நடந்தே கீழே இறங்கட்டும்.

இது முடியாதென்றால், விளம்பரத்தில் மாவ்ரோமாட்டியின் பெயரை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பயணி