லேப் நடத்துகிறவர்களே, எந்த முறையில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்

ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களில் யாரிடமாவது கை நீட்டுகிறவள் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

போன முறை என் டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி, அதாவது லூபஸ் கிளம்புகிறதா என்று பார்க்க உதவும் டெஸ்ட், 190 என்று வந்தது. அதற்கு முந்தைய முறை 62. மூன்று மடங்கு! சனிக்கிழமை சாயங்காலம் வந்த ரிப்போர்ட், டாக்டரைப் பிடிக்க முடியவில்லை, கிட்னியில் ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. திங்கட்கிழமை டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "லேப் மாத்தினீங்களா?" என்றார். நான் மாற்றவில்லை. லேப்தான் பரிசோதனை செய்யும் கிட்டை மாற்றியிருக்கிறது. பழைய கிட்டில் 30க்கு மேல் போனால் பாசிட்டிவ், புதியதில் 100க்கு மேல். இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது என்று சொல்லிவிட்டு, அவர் சி3, சி4 என்கிற ரத்தப் புரதங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போய்விட்டார். இரண்டும் பழையபடியே இருந்தன.

இந்த ஆன்டிபாடியைப் பார்க்கும் முறைகளில், எலைசா முறை டிஎன்ஏவில் லேசாக ஒட்டும் ஆன்டிபாடியையும் பிடித்துவிடும், கிரித்திடியா முறை பெரும்பாலும் இறுக ஒட்டுவதைத்தான் காட்டும். ஒரே ரத்தம் ஒன்றில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் என்று வரலாம். அதனால் எண்ணுக்குக் கீழே எந்த முறை, எந்த கிட் என்று ஒரு வரி போடுங்கள். மாற்றினால் அதையும் சொல்லுங்கள். மை செலவு எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

சி3, சி4 விஷயத்தில் குறைந்தால்தான் எங்களுக்குப் பயம், நோய் கிளம்பும்போது உடம்பு அவற்றைச் செலவழித்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டிலோ கூடினால்தான் சிவப்பில் கொட்டை எழுத்து, குறைந்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னக் குறி.

அப்புறம் அந்த 'லூபஸ் பேக்கேஜ்'. ஒவ்வொரு முறையும் ஏஎன்ஏ என்கிற ஆன்டிபாடி டெஸ்ட் எதற்கு? அது நோயைக் கண்டுபிடிக்க உதவுவது, ஒருமுறை பாசிட்டிவ் வந்த பிறகு அது ஏறுவதும் இறங்குவதும் நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. அந்தக் காசுக்குச் சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதத்தைச் சேருங்கள். லூபஸ் கிட்னியைத் தொடும்போது பெரும்பாலும் வலிக்காது, கால் வீங்குவதற்கு முன்பே சிறுநீரில் புரதம் தெரிந்துவிடும். ரத்தத்தை மட்டும் பார்க்கிற பேக்கேஜில் இது விட்டுப்போகிறது.

கடைசியாக, கவுன்டரில் இருக்கும் தம்பி "சிஆர்பி நார்மல், கவலைப்படாதீங்கக்கா" என்கிறார். நல்ல மனசு, சரி. ஆனால் சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரண்டும் உடம்பில் அழற்சியைக் காட்டும் டெஸ்ட் என்றாலும், லூபஸ் தலைதூக்கும்போது ஈஎஸ்ஆர் எகிறியும் சிஆர்பி பல நேரம் பெரிதாக ஏறாமலே இருக்கும். சிஆர்பி திடீரென்று எகிறினால் டாக்டர்கள் முதலில் தொற்று இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். தயவுசெய்து அவரிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்த டெஸ்டுக்கு 18ஆம் தேதி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது வருட ரிப்போர்ட்டையும் கோப்பில் வைத்திருக்கும் ஒருத்தி