கட்சி மடலின் நான்காம் பக்கம்

ஒட்டுசுட்டான்
12.10.2025

அன்பின் ராசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு அரிச்சுவடி நீயே சொல்லிக் கொடுக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே காலபோக நெல்லுக்கு வயலை உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மனைவிக்கு முழங்கால் வலி இன்னும் தீரவில்லை.

எங்கள் கட்சி மாதந்தோறும் நான்கு பக்கத்தில் ஒரு மடல் அச்சிட்டு வாசிகசாலையிலும் தேநீர்க் கடைகளிலும் வைக்கிறது. இம்மாதம் நான்காம் பக்கத்தில் எங்கள் வட்டாரச் செய்தியை எழுதித் தரும்படி கிளைச் செயலாளர் தம்பி கேட்டார். பழைய மடல்களை எடுத்துப் படித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் பக்கம் சாதனைகள். உள்ளிரண்டு பக்கமும் மற்றக் கட்சிகளை ஏசுவதற்கு. சாதனைகளில் ஒன்று எங்கள் வாய்க்கால் மதகு. அதைத் திருத்திய காசு அரசாங்கத் திணைக்களத்தினுடையது. அதற்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தது கமக்காரர் அமைப்பு. எங்கள் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு அதில் ஒரு சதப் பங்கும் இல்லை. ஆனால் படத்தில் நிற்பவர் எங்கள் கட்சியின் சபை உறுப்பினர். வெட்கமாக இருந்தது, ராசா. சபை செய்ய வேண்டியவை உள்வீதி, வீதி விளக்கு, சந்தை, மயானம். அவற்றுக்கு மூன்றே வரி.

ஏன் இப்படி ஆனோம் என்று யோசித்தேன். சென்ற வருடம் நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், எங்கள் வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஆட்சியைப் பிடித்த தேசிய மக்கள் சக்திக்கு 2 போக, மிச்சம் நான்கும் நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன. அன்றிலிருந்து எல்லோருக்கும் பயம். அந்தப் பயம்தான் ஏச்சாக அச்சேறுகிறது. ஆனால் மே 6 உள்ளூராட்சித் தேர்தல் நடந்த முறையைப் பார். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களில் வென்றவர்கள், 40 வீதம் கட்சிகளின் வாக்கு விகிதாசாரப்படி வருபவர்கள். தனித்து ஆளும் பலம் ஒரு கட்சிக்குக் கிடைப்பது அரிது. மடலில் ஏசியவரிடமே நாளைக்குச் சபையின் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தும்படி போய்க் கேட்க வேண்டும்.

ஆவணி மடலில் ஒருவரைத் துரோகி என்று எழுதியிருந்தார்கள். சந்தை வாடகை விடயத்தில் எதிர்த்து வாக்களித்ததற்காக! அந்தச் சொல்லை இந்த மண்ணில் இனி யாரும் அச்சிடக் கூடாது. அது எத்தனை வீட்டு வாசலில் வந்து நின்றது, அதன் பிறகு அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று நீயும் நானும் கண்டவர்கள். எழுதிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. அவனைக் கூப்பிட்டு இருத்தி நீண்ட நேரம் பேசினேன். முகம் வாடிப்போனான். கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல பிள்ளை.

வட மாகாண சபை பற்றி மடலில் ஒரு சொல்லும் இல்லை. 2013இல் வரிசையில் நின்று தெரிந்தெடுத்தோம்; 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது; இன்றுவரை தேர்தல் இல்லை. மாகாண வீதி குன்றும் குழியுமானால் பொறுப்புச் சொல்ல நாம் அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை. எல்லாக் கட்சியும் சேர்ந்து கேட்க வேண்டிய இந்த விடயம் மடலில் இடமில்லாமல் கிடக்கிறது.

நான் எழுதிய பக்கம் இதுதான்: நான்கு வீதி விளக்குகள் எரிகின்றன. மயானத்துக்குப் போகும் கிரவல் வீதி இன்னும் போடவில்லை. ஏன் என்றால் ஒதுக்கிய காசு போதவில்லை. யானை வேலி கேட்டு இரண்டு கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியவர் மற்றக் கட்சி உறுப்பினர், அவருக்கு நன்றி.

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று செயலாளர் கேட்டார். அந்தக் கிணற்றில் அள்ளுகிற சனத்துக்கு யார் இறைத்தது என்று தெரியும் தம்பி, நாங்கள் மறைத்தால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகப் போயிருக்கிறார். வெட்டினால் என் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்துக்குப் பசை காய்ச்சிய இரவுகளில் உன் கையெழுத்துத்தான் துண்டுப்பிரசுரமெல்லாம். அதனால் உன்னிடம் கேட்கிறேன். பக்கத்தின் பிரதியை இதோடு வைத்து, வவுனியா பஸ்ஸில் வரும் மருமகன் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு வியாழனுக்குள் தொலைபேசியில் சொல்லு.

அன்புடன்,
செல்வம்