வாயைக் கட்டச் சொல்லும் மருத்துவர்களுக்கு

எடை கூடியவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் காது வலி என்று உங்களில் ஒருவரிடம் வந்தேன். இரண்டு இரவு தூக்கமில்லை. நான் நாற்காலியில் உட்காருவதற்குள், "முதல்ல வெயிட்டைக் குறைக்கணும்மா" என்றார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தது அதற்கப்புறம்தான். எந்தக் காதில் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கூடவே, "வாயைக் கட்டுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு சிரிப்பு. சொட்டு மருந்தில் மூன்றாம் நாளே வலி போய்விட்டது, அதற்கு நன்றி. இந்த மடல் அவர் கொடுத்த இன்னொரு மருந்தைப் பற்றியது.

வாயைக் கட்டு. 20 வருடமாக இதே மருந்துதான், அளவுகூட மாறவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தவர்கள் உண்டு. நான் கட்டியபோதும் சேர்ந்தது எடைதான்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் கேள்வி கேளுங்கள். எடை எந்த வயதில் ஏற ஆரம்பித்தது, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, தூக்கம் எப்படி, வேறு என்ன மாத்திரை போகிறது என்று கேளுங்கள். அப்புறம், கழுத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லிப் பாருங்கள்.

கழுத்துக்கு ஒரு கதை இருக்கிறது. எனக்கு 13 வயதில் பின்கழுத்து கறுக்க ஆரம்பித்தது. அழுக்கு என்று அம்மா நினைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் குளியலறையில் என்னைக் குனியவைத்து நாரால் தேய்ப்பார். தோல் சிவந்து, சில நாள் பொடிப்பொடியாக ரத்தம் கசியும். மறுநாள் சீருடைக் காலர் பட்டால் சுரீர் என்று எரியும். கறுப்பு மட்டும் அசையாது. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். "நீ கழுத்துக்குத் தண்ணியே ஊத்த மாட்டியா?" என்று பின்பெஞ்சுப் பெண் கேட்ட நாளிலிருந்து முடியைத் தாழப் பின்ன ஆரம்பித்தேன். அம்மாவைக் குறை சொல்ல மனமில்லை, அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அடுத்த 16 வருடத்தில் என்னை எடை இயந்திரத்தில் ஏற்றிய ஒன்பது பேரும் டாக்டருக்குப் படித்தவர்கள். ஒருவர்கூட அந்தப் பின்னலை ஒதுக்கிப் பார்க்கவில்லை.

29 வயதில் காலில் அரிப்பு என்று ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். காலைப் பார்த்துவிட்டு, ஏதோ தோன்றி, கழுத்தையும் பார்த்தார். "இது அழுக்கில்லம்மா. உள்ள இன்சுலின் ஜாஸ்தியா ஓடுது, அதோட அடையாளம்" என்றார். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று சீட்டில் எழுதினார். ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, சர்க்கரை நோயின் வாசற்படி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்தபின் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மாதவிலக்கைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்ன ஒரு தடவை, "வெயிட் குறைஞ்சா அதுவும் சரியாயிடும்" என்று பதில் வந்தது.

நீங்கள் படித்த பாடத்தை உங்களிடமே ஒப்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதைச் சேமித்து வை என்று உடம்புக்குச் சொல்கிற ஹார்மோன் இன்சுலின். செல்கள் அதன் பேச்சைக் கேட்காமல் போகும்போது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. சேர்ந்த கொழுப்பைக் கரைய விடாமல் தடுப்பதும் அதே இன்சுலின்தான். மிஞ்சிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. எடை ஏறினால் செல்கள் இன்னும் மந்தமாகின்றன. எது முந்தி, எது பிந்தி என்று பிரிக்க முடியாதபடி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகும். இதில் நான் சாப்பிட்டதற்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. சாப்பிட்டேன். மனசு சரியில்லாத நாளில் பாக்கெட்டைப் பிரித்தால் அடி தெரியும் வரை சாப்பிட்டேன்.

அந்தப் பாக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்ததே, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நார்ச்சத்தும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் ஒரு நாளைக்கு 500 கலோரி போல அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற வாரங்களில் பசியைத் தூண்டும் கிரெலின் குறைந்திருந்தது, போதும் என்று சொல்லும் பிஒய்ஒய் கூடியிருந்தது. ஆக "அளவா சாப்பிடுங்க" என்கிறீர்களே, அந்த அளவைச் சொல்லும் ஹார்மோன்கூடத் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பேசுகிறது. எதை, எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தால் நானே அந்தப் பாக்கெட்டுகளை ஒப்புக்கொண்டிருப்பேன். எனக்குக் கிடைத்தது எல்லாருக்கும் பொதுவாக ஜெராக்ஸ் எடுத்த டயட் சார்ட். அதன் மேல்மூலையில் வேறு யாருடைய பெயரோ அரைகுறையாக அழிந்திருந்தது.

அந்தச் சார்ட்டை வைத்தும் 11 கிலோ குறைத்தேன். ஒன்றரை வருடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. "விட்டுட்டீங்க, இல்ல?" என்றார் உங்களில் ஒருவர். நான் விடவில்லை. மெல்போர்னில் 50 பேருக்கு 10 வாரம் கடும் பத்திய உணவு கொடுத்து எடை குறைத்து, ஒரு வருடம் கழித்து அளந்து பார்த்து, 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்களே: அப்போதும் கிரெலின் பழைய நிலைக்கு இறங்கவில்லை, கொழுப்பு இருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் பழைய அளவுக்கு ஏறவில்லை, பசி அடங்கவில்லை. எடை குறைந்த உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. அந்தப் பசியோடு பத்து மணி வரை வேலை பார்த்துவிட்டு, ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, மறுபடி வாயைக் கட்டிப் பாருங்கள்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகள் வந்தபின் உங்களில் பலருக்குத் திடீரென்று ஹார்மோன் ஞாபகம் வந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் நகல்தானே அந்த ஊசி? பசி வெறும் மன உறுதிப் பிரச்சினை என்றால் வாரம் ஒரு ஊசியில் அது எப்படி அடங்குகிறது? நேற்று வரை எங்களுக்கு இல்லாமல் இருந்த மன உறுதியை இன்று மருந்துக் கடையில் குப்பியில் வாங்கலாம் போலிருக்கிறது.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. உங்கள் காத்திருப்பு அறையில் கைப்பிடி வைத்த நாற்காலிகள் மட்டும் இருப்பது, பக்கத்திலேயே குளிர்பான இயந்திரம் நிற்பது, என் கையைச் சுற்றிப் பத்தாத பட்டையை இழுத்துக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு "பிபி வேற ஏறிடுச்சு" என்பது. பட்டை சிறிதானால் அளவு கூடத்தான் காட்டும், அதுவும் நீங்கள் படித்ததுதான். சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் நேரம் குறைவு, வெளியே கூட்டம் நிறைய, தெரியும். தைராய்டு, ஸ்டீராய்டு, மனநல மாத்திரை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கலாம், பலருக்கு எதுவுமே தனியாக அகப்படாமலும் போகலாம். அதனால்தான் ஐந்து நிமிடம் கேட்கிறேன். கேளுங்கள், கழுத்தைப் பாருங்கள், அதன்பிறகு என்ன திட்ட வேண்டுமோ திட்டுங்கள்.

அடுத்த மாதம் உங்களில் இன்னொருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், இந்தத் தடவை முழங்கால். முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருகிறேன், பார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி