அவுரித் தொட்டியை மூடிய ஜெர்மனி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிதறிக் கிடந்த ஜெர்மன் அரசுகளை ஒரே நாடாக்கிய தலைவர் பிஸ்மார்க் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1862இல் 'இரும்பும் இரத்தமும்' பேச்சு, 1866இல் ஆஸ்திரியாவுடன் போர், 1870இல் பிரான்சுடன் போர், 1871 ஜனவரி 18 அன்று பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிப்பு. அத்தோடு கட்டுரை முடிந்துவிட்டது. வரலாறு படிக்கும் என் பேத்தியும் இதே வரிசையில்தான் மனப்பாடம் செய்கிறாள். போரில் ஜெயித்த நாடு அதன் பிறகு எப்படி ஆலைகளின் நாடாக ஆனது என்று ஒரு வரி கூட இல்லை. நாற்பது வருஷம் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவன் நான். எனக்கு அந்தப் பாதிதான் பெரிதாகப் படுகிறது.

பிஸ்மார்க் வருவதற்கு முன்பே, 1834இல், பிஸ்மார்க்கின் சொந்த அரசான பிரஷ்யா தலைமையில் பல ஜெர்மன் அரசுகள் சேர்ந்து சுங்க ஒன்றியம் அமைத்துவிட்டன. எல்லைக்கு எல்லை வரி கட்டி நின்ற சரக்கு வண்டி அதற்குப் பிறகு நிற்காமல் போனது. மறுவருஷம் நியூரம்பெர்கிலிருந்து ஃபியூர்த்துக்கு ஆறு கிலோமீட்டர் ரயில் ஓடியது. இன்ஜினும் இங்கிலாந்திலிருந்து வந்தது, ஓட்டுநரும் அங்கிருந்தே வந்தார். ஆனால் 1841இலேயே பெர்லினில் போர்சிக் பட்டறை சொந்தமாக இன்ஜின் செய்துவிட்டது. நாடு ஒன்றான பிறகு வரிசையாக மீட்டர் அளவு, மார்க் நாணயம், 1876இல் மத்திய வங்கி என்று வந்தன. 1877இல் நாடு முழுவதற்கும் ஒரே காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன்படி ரசாயனப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்குத்தான் உண்டு. ஒருவர் கண்டுபிடித்த சாயத்தை இன்னொருவர் வேறு வழியில் செய்தால் தடை இல்லை. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் வேதியியல் படித்தவர்களைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்து, வேறு வழி தேட வைத்தது.

நான் இண்டிகோ என்ற நீலச் சாயத் தொட்டியில் வேலை பார்த்திருக்கிறேன். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத் தூளும் போட்டுச் சாயத்தைக் கரைத்த தொட்டியில் நூல் சிட்டத்தை முக்கித் தூக்கினால் மஞ்சள் கலந்த பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். இந்த நீலத்தை பேயர் என்ற பேராசிரியர் 1880 வாக்கிலேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார். ஆனால் விற்கிற விலைக்குச் செய்ய முடியவில்லை. லுட்விக்ஷாஃபனில் இருக்கும் பிஏஎஸ்எஃப் கம்பெனி சுமார் 1 கோடியே 80 லட்சம் மார்க் செலவழித்து, 1897இல்தான் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நடுவில் ஒரு சம்பவம். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலினைக் கந்தக அமிலத்தோடு காய்ச்சும்போது தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் உள்ளே கொட்டிவிட்டது. அதுவரை மந்தமாக நடந்த வினை வேகமாக நடந்தது. எங்கள் பட்டறையில் தெர்மாமீட்டர் உடைந்தால் உடைத்த பையனுக்குத் திட்டு விழும், அவ்வளவுதான். அங்கே ஏன் வேகமானது என்று தேடிப் பார்த்தார்கள், பாதரசம்தான் காரணம் என்று பிடித்தார்கள். நாஃப்தலினிலிருந்து மலிவாக நீலம் செய்ய வழி திறந்தது அப்படித்தான்.

போர் வெற்றியால் லாபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. லொரேன் பகுதியின் இரும்புத் தாது பிரான்சிடமிருந்து பறித்ததுதான். அதில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் நல்ல எஃகுக்கு ஆகவில்லை. 1879 வாக்கில் இங்கிலாந்தில் கண்டுபிடித்த, பாஸ்பரஸை நீக்கி எஃகு செய்யும் தாமஸ் முறையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் தாது முழுமையாகப் பயன்பட்டது. 1893இல் எஃகு உற்பத்தியில் இங்கிலாந்தையே முந்திவிட்டார்கள்.

அப்புறம் தொழிலாளர் விஷயம். 1878இல் சோஷலிஸ்டுகளைச் சட்டம் போட்டு ஒடுக்கிய அதே பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீடும், 1884இல் விபத்துக் காப்பீடும், 1889இல் முதியோர் ஓய்வூதியமும் கொண்டுவந்தார். நோக்கம் தொழிலாளியை அந்தக் கட்சியிடமிருந்து பிரிப்பது. 25 வயதான ஆண்களுக்கெல்லாம் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இருந்தும், பிஸ்மார்க் பதில் சொன்னது பேரரசருக்கு மட்டும்தான். அந்த அரசியலை நான் ஏற்கவில்லை. ஆனால் விபத்துக் காப்பீட்டுப் பணம் முழுவதையும் முதலாளிகளே கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கொதி தண்ணீரில் முழங்கை வரை வெந்துபோன பையனுக்குக் கிடைத்தது ஒரு வார லீவும் பர்னால் ட்யூபும்தான். ஆகவே அந்த 1884ஐ என்னால் லேசாகத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த ஜெர்மன் நீலம் எங்கள் வீடு வரை வந்தது. தென்னார்க்காட்டில் அப்போது இதே நீலத்தைத் தரும் அவுரிச் செடி பயிரான ஊர்கள் நிறைய. தழையை ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊற வைத்து, வடித்த தண்ணீரை ஆட்கள் இறங்கிக் கலக்கி, வண்டலைக் காய்ச்சிக் கட்டியாக விற்பார்கள். தாத்தா சிறுவனாக இருந்தபோது விலை விழுந்து விழுந்து, எங்கள் தொட்டி மூடியே விட்டது. 1914இல் போர் வந்து ஜெர்மன் சாயம் கப்பலேறாமல் நின்றதும் மறுபடி நிரம்பியதாம். போர் முடிந்ததும் பழையபடி காய்ந்தது.

அடுத்து ஜெர்மனி பற்றி எழுதும்போது லுட்விக்ஷாஃபனுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கொல்லையில் அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது. படம் வேண்டுமானால் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாயப்பட்டறை மாஸ்டர்,
திண்டிவனம்.