163-ஆவது ஆட்டம் வேண்டாம்

எடிசன், நியூ ஜெர்சி
12 அக்டோபர் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் தாமதமானதற்கு வேலையைக் காரணம் சொல்லலாம், ஆனால் வெறும் வீம்புதான். பேஸ்பால் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்து பட்டத்துக்கு ஆடும் சுற்றில், என் நியூயார்க் மெட்ஸ் வெளியே, உன் சின்சினாட்டி ரெட்ஸ் உள்ளே என்று ஆன மறுநாள், இன்னொரு ஆட்டம் வைத்துத் தீர்த்திருக்க வேண்டும் என்று நீ எழுதிய கடிதத்துக்கு உடனே பதில் போடும் அளவுக்குப் பெருந்தன்மை எனக்கு இல்லை. உன் ஆட்களும் லாஸ் ஏஞ்சலிஸில் 10-5, 8-4 என்று இரண்டே ஆட்டத்தில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிய பிறகுதான் கொஞ்சம் சமாதானம் ஆனேன்.

முதலில் வீட்டு விஷயம். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆறு வாரத்துக்கு மாடி ஏறாதே என்று தங்கச்சி சொன்னால் கேட்டுக்கொள், அங்கேயும் வாதம் பண்ணாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பா ஆகஸ்டில் வந்தார், குளிர் முற்றுவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும் என்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. ஆறு மாதத்தில் 162 ஆட்டம் என்றதும், "இது விளையாட்டா, ஆபீஸ் போற மாதிரி தினமும் போறானுங்களே" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் உன் கடிதத்திலும் இருந்தது. ரெண்டு டீமும் 83 வெற்றி, 79 தோல்வி என்று சமமாக நின்றால் என்ன செய்வார்கள், நெட் ரன் ரேட் பார்ப்பார்களா என்றார். இல்லை, இவர்கள் இருவரும் தங்களுக்குள் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்கள் உள்ளே என்றேன். "அப்போ இன்னொரு மேட்ச் வச்சுட்டா போச்சு" என்று முடித்துவிட்டார். நீயும் அதைத்தானே கேட்கிறாய்?

உன் நியாயம் புரிகிறது. மில்வாக்கியில் 4-2 என்று தோற்றுவிட்டு, அதே நேரம் மயாமியில் மெட்ஸும் தோற்றதால் உள்ளே போனது உனக்குக் கூச்சமாக இருக்கிறது. 2021 வரை இருந்த பழைய விதிப்படி மறுநாளே ஓர் ஆட்டம் வைத்திருப்பார்கள். 1978-இல் ஃபென்வே பார்க்கில் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன், 2009-இல் மினசோட்டாவும் டெட்ராயிட்டும் 12 இன்னிங்ஸ் மல்லுக்கட்டியது, 2018-இல் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்று நீ எழுதிய பட்டியலைப் படிக்கும்போது எனக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது. 2022-இல் இரண்டு லீகிலும் தலா ஆறு டீம் என்று பிளேஆஃபைப் பெரிதாக்கியபோது அந்த 163-ஆவது ஆட்டத்தைத் தூக்கிவிட்டார்கள். நாள் இல்லை, தொலைக்காட்சி அட்டவணை இடம் தராது, எல்லாம் வியாபாரம். அதில் நமக்குள் சண்டை இல்லை.

ஆனால் நடந்த அநியாயத்துக்கு அதுதான் மருந்து என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. எனக்கு அநியாயம் எதுவுமே தெரியவில்லை. தோற்ற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஜூன் 12 அன்று மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி. இரண்டு லீகையும் சேர்த்து அதுதான் முதலிடம். யுவான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்தது வீண் இல்லை என்று நானே உனக்குப் போனில் அளந்தேனே, அந்த வாரம். அதே ஜூன் 12-இல்தான் எங்களுக்குப் பந்து வீசும் கோடாய் செங்கா முதல் பேஸுக்கு ஓடி, எகிறிப் பந்தைப் பிடிக்கப் போய்த் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதுவரை ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்றரை ரன்கூடக் கொடுக்காத பிட்சர். திரும்பி வந்த செங்கா வேறு ஆள், செப்டம்பரில் மைனர் லீகுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த நாளுக்குப் பிறகு டீம் ஆடிய 93 ஆட்டத்தில் 38 வெற்றி, 55 தோல்வி. மூன்றரை மாதம் இப்படி ஆடிய டீமுக்குக் கூடுதலாக ஓர் ஆட்டம் எதற்கு?

நம் இரண்டு டீமும் தங்களுக்குள் ஆடியது ஆறே ஆட்டம். நான்கு உனக்கு, இரண்டு எனக்கு. செப்டம்பர் முதல் வாரம் உன் ஊரில் மூன்றில் இரண்டு ரெட்ஸுக்குப் போனதை எல்லோரும் பேசுகிறார்கள். ஜூலையில் எங்கள் மைதானமான சிட்டி ஃபீல்டில் நடந்ததை யாரும் பேசுவதில்லை. அங்கேயும் மூன்றில் இரண்டு உங்களுக்குத்தான். ஜூலை 19, சனிக்கிழமை, மெட்ஸின் பழைய நட்சத்திரம் டேவிட் ரைட்டின் 5-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தராமல் ஓய்வு கொடுத்த விழா. மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ரைட் பேசும்போது பக்கத்து சீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் ஆட்டம் நடந்தது, மெட்ஸ் தோற்றது, ஒருவரும் கவலைப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மகனும் நானும் ரைட்டைப் பற்றி மட்டுமே பேசினோம். அந்த ஒரு ஆட்டம் மாறியிருந்தால் கணக்கு 3-3, மொத்தத்தில் மெட்ஸ் 84, ரெட்ஸ் 82. சமநிலையை உடைக்கும் இந்த விதிக்கே, டைபிரேக்கருக்கே, வேலை இல்லை. எங்கள் பிளேஆஃப் போட்டி அன்று நடந்தது, நாங்கள் அதை விழா என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இதனால்தான் எனக்கு இந்த விதி பிடிக்கிறது. ஏப்ரலிலும் ஜூலையிலும் ஆடியதை செப்டம்பர் பரபரப்பில் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. 163-ஆவது ஆட்டத்தில் ஒரு பிட்சருக்கு நல்ல நாள் அமைந்தால் போதும், ஆறு மாதத்துச் சோம்பல் மறைந்துவிடும்.

போன வருடம் இதே விதி எங்களுக்குச் சாதகமாக இருந்ததை நீ குத்திக்காட்டவில்லை, நன்றி, ஆனால் நானே சொல்லிவிடுகிறேன். 2024-இல் மெட்ஸ், அட்லாண்டா, அரிசோனா மூன்றும் 89 வெற்றி. ஹெலீன் புயலால் தள்ளிப்போன இரண்டு ஆட்டத்தை அட்லாண்டாவில் செப்டம்பர் 30 அன்று ஒரே நாளில் ஆடி முடித்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னில் 8-7. இரண்டாவதை அட்லாண்டா எடுத்துக்கொண்டது. இருவரும் உள்ளே போக, 162 ஆட்டத்தையும் முன்பே முடித்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்த அரிசோனா வெளியே. அன்றைக்கு இந்த விதி எனக்கு நியாயத்தின் மறு உருவமாகத் தெரிந்தது. இந்த வருடம் மட்டும் கசந்தால் நான் மனுஷனா?

அந்தக் கடைசி ஞாயிறு பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் கொலு. காதில் ஒரு பக்கம் இயர்போன், கையில் சுண்டல் தட்டு, வாசலில் விருந்தாளிகள். நான்காவது இன்னிங்ஸில் மயாமி நான்கு ரன் எடுத்தபோது ஒரு மாமி பாடிக்கொண்டிருந்தார், முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு! ஐந்தாவதில் மூன்று பேஸிலும் ஆள், எங்கள் பீட் அலோன்சோ மணிக்கு 115 மைல் சொச்சத்தில் அடித்த பந்து நேராக இடது ஃபீல்டர் கைக்குள் போனது. இரண்டடி தள்ளிப் போயிருந்தால் என்று நீ சொல்வாய். சொல்லாதே. இந்த வருடம் எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஒரே ஒரு ஆட்டத்தையும் மெட்ஸ் ஜெயிக்கவில்லை. இந்த டீமிடம் அன்றைக்கு மட்டும் என்ன அதிசயத்தை எதிர்பார்ப்பது? 4-0.

மயாமி விஷயத்தில் மட்டும் எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை வந்துவிடும் போலிருக்கிறது. 2007-இல் 17 ஆட்டம் மிச்சம் இருக்கும்போது 7 ஆட்டம் முன்னிலை, கடைசி நாளில் அந்த மயாமி டீமான மார்லின்ஸிடம் தோல்வி, வெளியே. 2008-இல் எங்கள் பழைய மைதானமான ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டம், செப்டம்பர் 28, மார்லின்ஸ், வெளியே. இப்போது மறுபடியும் செப்டம்பர் 28, மறுபடியும் மார்லின்ஸ். அப்பாவிடம் சொன்னேன், திருநள்ளாறு போய்விட்டு வரச் சொல் என்றார்.

உன் இரண்டாவது வாதம், 83 வெற்றிக்கெல்லாம் பிளேஆஃபா என்பது. 1993-இல் 103 ஆட்டம் ஜெயித்த சான் பிரான்சிஸ்கோ, 104 ஜெயித்த அட்லாண்டாவுக்குப் பின்னால் நின்றதால் வீட்டுக்குப் போனதே, அது போட்டி என்கிறாய். உண்மைதான், அந்த மாதிரிப் பந்தயம் இனி வராது. ஆனால் 2006-ஐ வசதியாக மறந்துவிட்டாய். செயின்ட் லூயிஸ் அந்த வருடம் ஜெயித்தது 83 ஆட்டம்தான். 97 ஜெயித்த மெட்ஸை ஏழாவது ஆட்டத்தில் கவிழ்த்தார்கள். மூன்று பேஸிலும் ஆள் இருக்க, அவர்கள் பிட்சர் வெயின்ரைட் போட்ட பந்தை எங்கள் பெல்ட்ரான் அடிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்று அவுட் ஆனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர்கள்தான் பிறகு உலகச் சாம்பியன். எனவே 83-ஐப் பற்றி என்னிடம் இளக்காரமாகப் பேசாதே.

டொரண்டோவும், நியூயார்க்கின் இன்னொரு டீமான யாங்கீஸும் அதே நாளில் ஆளுக்கு 94 வெற்றி என்று சமமாக நின்றது உனக்கு இன்னும் நல்ல உதாரணமாக இருந்திருக்கும், ஏனோ நீ தொடவில்லை. தங்களுக்குள் ஆடியதில் டொரண்டோ 8-5. ஜூலை தொடக்கத்தில் சொந்த ஊரில் நான்கு ஆட்டத்தையும் வாரிக்கொண்டதுதான் அதில் பெரும்பகுதி. டிவிஷன் என்ற அவர்கள் பிரிவின் பட்டமும் ஓய்வும் டொரண்டோவுக்கு, யாங்கீஸ் வைல்டு கார்டு என்ற கூடுதல் சுற்றை ஆடவேண்டியதாயிற்று. பிறகு நேருக்கு நேர் வந்தபோதும் டொரண்டோதான் 3-1. என் அலுவலகத்து யாங்கீஸ் பக்தர்கள் இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை, எனக்கு இந்த சீசனில் கிடைத்த ஒரே லாபம்.

ஒரு விஷயத்தில் நீ சொல்வது சரி. கிளீவ்லாந்து. ஜூலையில் டெட்ராயிட்டுக்கு 15½ ஆட்டம் பின்னால் இருந்த டீம், கடைசியில் 88 வெற்றிக்கு 87 என்று டிவிஷனை எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய இடைவெளியை இதற்கு முன் யாரும் தாண்டியதில்லை. அங்கே எல்லாம் செப்டம்பரில்தான் தீர்ந்தது, ஜூலைக் கணக்கு அவர்களிடம் செல்லாது. அடுத்த வாரமே டெட்ராயிட் அங்கே போய் அவர்களை 2-1 என்று வெளியேற்றியது வேறு கதை. அதிலும் வேடிக்கை பார், கிளீவ்லாந்தை 11 வருடம் நடத்திய டெரி ஃபிராங்கோனா இப்போது உன் சின்சினாட்டியில். 2011-இல் பாஸ்டன் செப்டம்பரில் 7 வெற்றி, 20 தோல்வி என்று சரிந்து, பால்டிமோரில் கடைசி இரவில் மூழ்கியபோது மேனேஜர் அவர்தான். அதே இரவில் லாங்கோரியாவின் 12-ஆவது இன்னிங்ஸ் ஹோம் ரன் பாஸ்டனுக்குப் பதிலாக டாம்பாவை உள்ளே அனுப்பியதை அன்று அவர் எப்படிப் பார்த்தாரோ, இந்த வருடம் அடுத்தவன் சரிந்ததில் உள்ளே போகும்போது அவருக்குக் கூச்சம் இருந்திருக்காது. உனக்கும் வேண்டாம். கொரோனா வருடத்தை விட்டுவிட்டால் 2013-க்குப் பிறகு இப்போதுதான் பிளேஆஃப். எடுத்துக்கொள், சந்தோஷப்படு.

எங்கள் முதலாளி ஸ்டீவ் கோயன் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அலோன்சோ இருப்பாரா போவாரா தெரியவில்லை. போனால் மகன் இரண்டு நாள் சாப்பிடமாட்டான். மெக்லீன் என்ற அந்தப் புதுப் பையன் ஒருவனைத் தவிர இப்போதைக்கு எனக்கு ஆறுதல் இல்லை.

தீபாவளி 20-ஆம் தேதி, திங்கள்கிழமை. காலையில் அங்கே எழுந்ததும் கூப்பிடு, அப்பா உன்னோடு பேசவேண்டும் என்கிறார். அடுத்த வருடம் ரெட்ஸ் இங்கே வரும் தேதியைப் பார்த்து முன்கூட்டியே லீவ் போட்டு வை, முட்டியும் அதற்குள் சரியாகிவிடும். டிக்கெட் என் செலவு. சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தால் இரண்டு சீட் தள்ளித்தான் உட்காரவேண்டும். பார்க்கிங்கும் ஹாட் டாகும் உன் கணக்கு, சிட்டி ஃபீல்டு விலை தெரியும்தானே?

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
எடிசன்காரன்