நோட்டில் முகம் இருக்கிறது, கை எங்கே?

பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். முப்பது வருடம் ஒரு வங்கியின் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவன் நான். எந்த ஊர் நோட்டு கைக்கு வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை. எடின்பரோவுக்குப் போயிருந்தபோது டீ குடித்த இடத்தில் மீதிச் சில்லறையாக உங்கள் வங்கி வெளியிட்ட ஐந்து பவுண்டு பிளாஸ்டிக் நோட்டு வந்தது. அதில் உங்கள் ஊர் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். லண்டனில் ஒரு கடைக்காரர் அதை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நல்லதாகப் போயிற்று, இப்போது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அவர் படம் அங்கே வந்த காரணம் உங்களுக்குத் தெரியும். 1826-இல் ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளை வங்கிகள் வெளியிடக் கூடாது என்று லண்டன் அரசு சட்டம் போடப் பார்த்தது. ஸ்காட்லாந்தில் அன்றாடக் கொடுக்கல் வாங்கலே ஒரு பவுண்டு நோட்டில்தான். ஸ்காட், மலாக்கி மலாக்ரோதர் என்ற புனைபெயரில் எடின்பரோ வாரப் பத்திரிகை ஒன்றில் மூன்று கடிதங்கள் எழுதினார். அவையும் திறந்த மடல்கள்தான். அரசு பின்வாங்கியது, உங்கள் நோட்டு பிழைத்தது.

நான் சொல்ல வந்தது அந்தக் கடிதங்கள் வெளிவரத் தொடங்கிய மாதத்தைப் பற்றி. பிப்ரவரி. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் தலையில் இடி விழுந்திருந்தது. பதிப்பாளர் கான்ஸ்டபிளும் அச்சகம் நடத்திய பாலன்டைனும் கவிழ்ந்தார்கள். அந்த அச்சகத்தில் ஸ்காட் வெளியில் தெரியாத பங்குதாரர். ஒருவர் கடன் பத்திரத்துக்கு இன்னொருவர் கையெழுத்து என்று சுற்றிச் சுற்றிப் போட்டிருந்ததில், சுமார் 1,20,000 பவுண்டு அவர் பொறுப்பில் வந்து நின்றது. பாவம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எழுதாத நாவலுக்கு முன்பணம் வாங்கி, ட்வீட் ஆற்றங்கரையில் அபட்ஸ்ஃபோர்டு மாளிகைக்கு நிலம் நிலமாக வாங்கிச் சேர்த்த மனிதர் அவர். என் கவுண்டருக்கு வந்திருந்தால் நானே மேலதிகாரியிடம் அனுப்பியிருப்பேன்.

ஆனால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. நண்பர்கள் பணம் தர வந்தபோதும் வேண்டாம், என் வலக்கையே இதைத் தீர்க்கும் என்றார்.

அந்தக் கையைப் பற்றி ஒரு சம்பவம் உண்டு. 1814 ஜூன். எடின்பரோ ஜார்ஜ் தெருவில் ஒரு வீட்டில் இளைஞர்கள் சிலர் விருந்து முடிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் முகம் வாடி, இடம் மாறி உட்கார வேண்டும் என்கிறார். எதிரே தெரியும் ஜன்னலில் ஒரு கை எழுதிக்கொண்டே இருக்கிறதாம். தாள் நிறைந்ததும் குவியலில் போய் விழுகிறது, கை நிற்பதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகும் அதே கதை, தினமும் இப்படித்தானாம். யாரோ குமாஸ்தாவாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, அது பக்கத்துக் கேஸில் தெருவில் இருக்கும் வால்டர் ஸ்காட்டின் கை என்றார் வீட்டுக்காரர். மூன்று வாரத்தில் வேவர்லி நாவலின் கடைசி இரண்டு பாகங்களை அது முடித்துக்கொண்டிருந்தது. ஸ்காட்டின் மருமகன் லாக்கார்ட், அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

குமாஸ்தா என்று சொன்னவரும் முழுக்கத் தவறில்லை. 1806 முதல் 1830 வரை ஸ்காட், ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான செஷன் நீதிமன்றத்தின் எழுத்தர்களில் ஒருவர். நீதிமன்றம் நடக்கும் மாதங்களில் தினமும் சில மணிநேரம் அங்கே போய்விடும். அதனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து, கணப்பைத் தானே பற்றவைத்து, சவரம் செய்து, ஆறு மணிக்கு மேஜையில் இருப்பார். சுற்றித் தரையில் குறிப்புப் புத்தகங்கள், காலடியில் நாய். மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு வரும்போது அன்றைய எழுத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். இத்தனை நாவல் எப்படி என்று ஊர் வியந்ததற்கு இதுதான் பதில். மந்திரம் ஒன்றுமில்லை.

கடன் வந்த பிறகு அந்தக் கேஸில் தெரு வீடு போயிற்று. வாடகை அறையில் தங்கினார். மே மாதம் மனைவி சார்லட் இறந்தார். அடக்கம் முடிந்து சில வாரங்களில், எழுதிக்கொண்டிருந்த நெப்போலியன் வரலாற்றுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அது ஒன்பது தொகுதிகளாக வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 40,000 பவுண்டு அடைத்தார். 1830-இல் பக்கவாதம் தாக்கியது. அதன் பிறகு வந்த நாவல்களைப் படிப்பது, உள்ளதைச் சொன்னால், சிரமம். கை ஒத்துழைக்காதபோது சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். 1832-இல் இறந்தார். மீதிக் கடன் அவர் நூல்களின் பதிப்புரிமையைக் கொடுத்து 1847-இல்தான் தீர்ந்தது.

இனி என் கோரிக்கை. அடுத்த வரிசை நோட்டு வடிவமைக்கும்போது அந்த முகம் இருக்கட்டும், பின்பக்கம் பாலமும் இருக்கட்டும். ஓரத்தில் எங்காவது, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கையைப் போடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், எடின்பரோவில் மவுண்ட் என்ற இடத்தில் உங்கள் தலைமை அலுவலகத்திலேயே பண அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே ஒரு ஜன்னல், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தாள் குவியல் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஐந்து பவுண்டை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் ஒரு பழைய காசாளர்