மாருத் பறந்த கதையைக் காப்போம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இந்தியாவில் உருவான மாருத் ஜெட் போர் விமானத்தைப் பார்ப்பது இன்று எளிது. பெங்களூருவில், அதைத் தயாரித்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, சென்னை கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்திலும் நிற்கிறது. ஆனால் அதைப் பறக்கவைத்த சோதனைகளின் காகிதங்களும் படச்சுருள்களும் வீட்டுப் பரண்களில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காகவே ஒரு காட்சிக்கூடம் அமைக்க முனைந்திருக்கிறோம்.

ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்.எஃப்-24 மாருத், முதலில் என்ஜின் இல்லாத மரக் கிளைடராகத்தான் வானேறியது. 1959இல் டகோட்டா விமானம் ஒன்று அதை இழுத்துச் சென்று மேலே விட்டது. 1961 ஜூனில் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் ஜெட் மாதிரியை ஓட்டினார். நம்பியிருந்த பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் 12 என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. மாற்றுத் தேடி எகிப்தின் ஹெல்வான் வரை போனார்கள். அந்நாட்டு இ-300 என்ஜினுடனும் ஒரு மாருத் பறந்தது. 1970 ஜனவரி 10 அன்று, மேம்படுத்திய மாருத்தைச் சோதித்தபோது நேர்ந்த விபத்தில் தாஸ் உயிரிழந்தார். பெங்களூருவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையின் நெரிசல் தெரிந்த அளவுக்கு அவரை யாருக்கும் தெரியாது.

“மாருத்துக்கு வலு போதவில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எது முரண்டு பிடித்தது? சோதனை விமானிகள் தொடையில் கட்டிய அட்டையில் கிறுக்கிய குறிப்புகளும், தரையிறங்கிய கையோடு எழுதிய அறிக்கைகளும்தான் அதைச் சொல்லும். அன்று இருபதுகளில் இருந்த பொறியாளர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எனவே முதல் செலவு அவர்களது நினைவுகளை ஒலிப்பதிவு செய்வதற்கே. அடுத்து ஆவணங்களின் மின்வடிவாக்கமும், படச்சுருள்களுக்குக் குளிரூட்டிய அறையும். வெளியிட அனுமதி உள்ளவற்றை மட்டுமே காட்சிக்கு வைப்போம். மொத்தத் தேவை ரூ.12 லட்சம்.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பணம் தருவோர், எங்கள் குழுவின் பொருளாளரிடம் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தரலாம்.

வீட்டில் பழைய பதிவேடோ புகைப்படமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படச்சுருளில் காடி (வினிகர்) வாடை அடித்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
காட்சிக்கூட அமைப்புக் குழுவினர்,
பெங்களூரு